சட்டி கழுவிய கை

ஆவடியிலும் அம்பத்தூரிலும் இயந்திரத்தோடு மல்லாடும் தோழனே! யானைக்கால் நோய் ஒழிய, தமிழகத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்களே, அந்த டி.இ.சி. மருந்தைத் தந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் யார், தெரியுமா?

யல்லாப்பிரகட சுப்பாராவ்! 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவர் உடுத்திய கதர், வெள்ளைக்காரப் பேராசிரியரின் கண்ணை உறுத்தியது. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அமெரிக்கா சென்றார். அங்கே அந்தப் பட்டம் செல்லாக்காசு! வைத்தியம் கற்றவர் பாஸ்டன் ஆஸ்பத்திரியில் இரவுக் கூலியானார். நோயாளிகளின் மூத்திரச் சட்டி கழுவினார். சோர்ந்தாரா? இல்லை! 1925-ல் பிஸ்கேயுடன் சேர்ந்து, உடல் நீர்களில் பாஸ்பரசை அளக்கும் முறையை வகுத்தார். 1930-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் நிரந்தரப் பேராசிரியர் பதவி எட்டவில்லை. இந்தியர் குடியுரிமை பெற, 1946 வரை அந்நாட்டுச் சட்டமே தடையாய் நின்றது.

1940-ல் லெடர்லி மருந்து நிறுவனம் சென்றார். அவர் தலைமையில் ஆரியோமைசின் பிறந்தது. புற்றுநோய்க்கு இன்றும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் பிறந்தது. 1948-ல், 53 வயதில் மறைந்தார்.

அம்பத்தூர் ரயிலடியில் மூட்டையோடு இறங்கும் வடநாட்டு இளைஞனை நாம் என்ன கேட்கிறோம்? எந்த ஊர் என்கிறோம். என்ன தொழில் தெரியும் என்று கேட்கிறோமா? உடையைப் பார்த்து அறிவை எடைபோட்டான் அன்றைய துரை. அந்தத் தராசை நாம் தொடலாமா, தோழனே?