மார்க்குகளை எண்ணிய மேதை மகலனோபிஸ்

பரீட்சை நெருங்கிவிட்டது. பத்தாம் வகுப்புப் பையன் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறான். சராசரி சுலபமாக வந்துவிடுகிறது. திட்டவிலக்கம் வந்ததும் பேனாவைக் கடிக்கிறான். பக்கத்து வீட்டுத் தோழனும் வருகிறான். விடையை ஒத்துப் பார்க்கிறார்கள். இருவருக்கும் விடை வேறு வேறு! இந்தக் கணக்கால் யாருக்கு என்ன லாபம் என்று சலித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் அறிய வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. இந்தியாவில் புள்ளியியலை வேரூன்றச் செய்த பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிசின் வாழ்க்கைதான் அது.

தவறிய ரயில்

மகலனோபிஸ் 1893-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் படித்தார். ஜெகதீச சந்திர போஸ் அங்கே அவருக்கு ஆசிரியர். 1913-ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். லண்டனில் படிப்பதுதான் அவர் எண்ணம்.

ஒருநாள் கேம்பிரிட்ஜ் நகரைச் சுற்றிப் பார்க்கப் போனார். திரும்பும்போது லண்டன் ரயில் தவறிவிட்டது. அன்றிரவு ஒரு நண்பர் வீட்டில் தங்கினார். அங்குள்ள கிங்ஸ் கல்லூரி தம் மனத்தைக் கவர்ந்துவிட்டதாக நண்பரிடம் சொன்னார். அப்படியானால் இங்கேயே சேரலாமே என்றார் நண்பர். மறுநாளே விண்ணப்பித்தார், இடமும் கிடைத்தது. தவறிய ரயில் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது!

கும்பகோணத்து நண்பர்

கேம்பிரிட்ஜில் அவருக்கு ஒரு தமிழர் நண்பரானார். அவர்தான் கணித மேதை ராமானுஜன். குளிர் தாங்காமல் ராமானுஜன் தவித்தபோது, கம்பளிகளுக்கு மேல் படுக்கக் கூடாது, அவற்றுக்குள் புகுந்து படுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவர் மகலனோபிஸ்.

ஒருநாள் ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிண்டிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் பத்திரிகையில் வந்த புதிர் ஒன்றைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக எண்கள். ஒரு வீட்டுக்கு முன்னுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் பின்னுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அது எந்த வீடு? மகலனோபிஸ் அதைப் போட்டுப் பார்த்து விடை கண்டிருந்தார். ராமானுஜனோ கரண்டியைக் கீழே வைக்காமலே, இந்தப் புதிருக்கு வரக்கூடிய எல்லா விடைகளையும் அடக்கிய பொது விடையையே சொல்லிவிட்டார்! (288 வீடுகளில் 204-ம் வீடு. பிள்ளைகள் கூட்டிப் பார்க்கலாம்.)

இந்த ராமானுஜன் ஊரில் கல்லூரிப் பரீட்சையில் தோற்றவர். மகலனோபிசோ 1915-ல் கேம்பிரிட்ஜில் முதல் வகுப்பில் தேறியவர். மார்க் மட்டுமே மனிதனை அளந்துவிடாது என்பதற்கு இவர்கள் நட்பைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கப்பலில் கிடைத்த வழி

தேர்ச்சி பெற்றதும் விடுமுறைக்காகத் தாய்நாடு புறப்பட்டார். முதல் உலக யுத்த காலம், கப்பல் தாமதமாயிற்று. கல்லூரி ஆசிரியர் ஒருவர் நூலகத்திலிருந்த 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளைக் காட்டினார். மகலனோபிஸ் அவற்றை முழுமையாக விலைக்கு வாங்கினார். கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். விடுமுறைக்கு வந்தவர் பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியராகி இங்கேயே தங்கிவிட்டார்.

1917-ல் அறிஞர் பிரஜேந்திரநாத் சீல், கல்கத்தா பல்கலைக்கழகப் பரீட்சை முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராயும்படி அவரிடம் ஒப்படைத்தார். ஆம், மாணவர்களின் மார்க்குகள்தாம் அவருக்கு முதல் பாடம்!

மார்க்கில் என்ன ஆராய்ச்சி? இரண்டு வகுப்புகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் சராசரி 50. ஒன்றில் எல்லாரும் 45-க்கும் 55-க்கும் இடையே வாங்கியிருக்கிறார்கள். மற்றதில் பாதிப் பேர் 10, பாதிப் பேர் 90. சராசரி ஒன்றேயானாலும் இரண்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கைதூக்கி விட ஆளின்றித் தவிக்கிறார்கள். சராசரி மறைத்ததைத் திட்டவிலக்கம் காட்டிக்கொடுக்கிறது.

வெள்ளமும் வயலும்

1926-ல் ஒரிசாவில் பிராமணி நதி பெருக்கெடுத்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர் பொறியாளர்கள். மகலனோபிஸ் ஏறக்குறைய 60 ஆண்டுக் கணக்குகளைப் புரட்டினார். படுகை உயரவில்லை என்று கண்டார். கரையை உயர்த்துவதில் பயனில்லை. மேற்பகுதியில் அணை கட்டித் தண்ணீரைத் தேக்குவதே வழி என்று காட்டினார். ஊர்களின் உயிரும் உடைமையும் அந்தக் கணக்கில் அடங்கியிருந்தன.

1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோன்றியது. கல்லூரியில் ஓர் அறையே அதன் இடம். முதல் ஆண்டுச் செலவு 250 ரூபாயைக்கூட எட்டவில்லை!

வங்காளத்தில் சணல் எவ்வளவு விளைகிறது என்று அறிய ஒவ்வொரு வயலாகப் போய் எண்ணினால் பணமும் நாளும் போதா. மகலனோபிஸ் 1937-ல் சில வயல்களை மட்டும் அளக்கும் மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் தாய்மார்கள் அறிந்ததுதான் இது. ஆனால் மேலாக உள்ள சோற்றை மட்டும் எடுத்தால் அடிப்பானை தெரியாது. அதுபோலவே விருப்பப்படி வயலைப் பொறுக்காமல், குலுக்கல் போல் பாரபட்சமின்றித் தேர்ந்தெடுக்க வேண்டும். இதே வழியில் 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பிறந்தது. ஏழைக் குடும்பம் எதைச் சாப்பிடுகிறது, எவ்வளவு செலவழிக்கிறது என்பதெல்லாம் சர்க்காருக்குத் தெரியவந்தது.

1941-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் புள்ளியியலுக்கென எம்.ஏ. வகுப்பு தொடங்க அவரே முன்னின்றார். முதல் மாணவர்களில் ஒருவரான சி.ஆர். ராவ் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார்.

மகலனோபிஸ் 1945-ல் லண்டன் ராயல் சங்க உறுப்பினரானார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுப்பதில் பெரும் பங்கு கொண்டார். 1968-ல் பத்ம விபூஷண் பெற்றார். 79-வது பிறந்த நாளுக்கு ஒரே நாள் முன்பு, 1972 ஜூன் 28-ல் காலமானார். 2007 முதல் அவருடைய பிறந்த நாள் தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

திண்ணையில் விடை ஒத்துப் பார்க்கும் பிள்ளைகளே! விடை வேறானால் சோர வேண்டாம். எங்கே பிசகியது என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். எண்களைப் பொறுமையாகக் கேட்டால் அவை உண்மையைச் சொல்லும். மகலனோபிஸ் தம் வாழ்நாள் முழுவதும் செய்தது அதுதான்.