உப்புநீருக்குள் ஒரு போட்டி: ஹம்பிரி டேவியின் வாழ்வு

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எனத் தீவகத்தின் எந்தக் கரையிலாவது ஒரு வாளி கடல்நீரை அள்ளி, அதில் மின்னைச் செலுத்தினால் உப்பிலுள்ள சோடியம் உலோகமாக வெளிவருமா? வராது. எத்தனை நாள் செலுத்தினாலும் கதோட்டில் ஐதரசன் வாயுதான் குமிழியிடும். நீருக்குள் நடக்கும் இந்தப் போட்டியைத் தாண்டி முதன்முதலில் சோடியத்தைப் பிரித்தெடுத்தவர் சேர் ஹம்பிரி டேவி.

1778 டிசம்பர் 17 அன்று, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள பென்சான்ஸ் என்னும் கடலோர ஊரில் டேவி பிறந்தார். தந்தை மரச் சிற்பி. 1794 இல் அவர் கடனை விட்டுவிட்டு இறந்தார். அடுத்த ஆண்டு டேவி ஒரு வைத்தியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பல்கலைக்கழகப் படி ஏறாமலே, தானாகக் கற்று, 1801 இல் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் இடம்பிடித்தார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் வோல்ற்றாவின் மின்கல அடுக்கு உலகுக்குத் தெரிய வந்திருந்தது. டேவி முதலில் பொற்றாசின் நீர்க்கரைசலில் மின்னைச் செலுத்தினார். ஐதரசனும் ஒட்சிசனுமே கிடைத்தன. காரணம் இதுதான்: பொற்றாசியம் அயன், நீரிலிருந்து வரும் ஐதரசன் அயன் இரண்டுமே கதோட்டை நாடுகின்றன. இலத்திரனை இலகுவாக ஏற்பது ஐதரசன். அது மின்னிறக்கமடைய, பொற்றாசியம் கரைசலிலேயே நின்றுவிடுகிறது.

டேவி நீரை விலக்கினார். 1807 ஒக்ரோபரில், மின் கடத்தும் அளவுக்கு மட்டும் ஈரம் பட்ட திண்மப் பொற்றாசில் மின்னைச் செலுத்தினார். அது உருகி, வெள்ளிபோல் மின்னும் சிறு உருண்டைகள் தோன்றின. சில தீப்பற்றின. டேவி மகிழ்ச்சியில் அறைக்குள் துள்ளிக் குதித்தாராம். சில நாட்களில் எரிசோடாவிலிருந்து சோடியமும் கிடைத்தது. அயன் என்ற சொல் அப்போது இல்லை. அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த மைக்கேல் பரடேதான் 1834 இல் அதை வழக்குக்குக் கொண்டுவந்தார்.

1810 இல், அதுவரை ஒரு சேர்வை எனக் கருதப்பட்ட வாயுவை மூலகம் என்று காட்டி, குளோரின் எனப் பெயரிட்டார். முகாம்களின் தண்ணீர்த் தாங்கிகளிலும், மீளக்குடியேறியபோது இறைத்துச் சுத்தம் செய்த கிணறுகளிலும் நாம் முகர்ந்தது அந்தக் குளோரினைத்தான்.

பிரித்தானியாவும் பிரான்சும் போரில் இருந்த காலம் அது. ஆனாலும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் டேவிக்குப் பரிசு அறிவித்தார்கள். 1813 இல் நெப்போலியனின் அனுமதியோடு அவர் பாரிஸ் சென்றார். எதிரி நாட்டுக்குப் போனதற்காகச் சொந்த நாட்டில் ஏச்சும் வாங்கினார்.

1824 இல் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடு அரிக்காமலிருக்க, அதனோடு நாகம் அல்லது இரும்புத் துண்டுகளைப் பொருத்தச் சொன்னார். இலத்திரனை இழப்பதில் அவை முந்திக்கொள்ள, செம்பு தப்பியது. ஆனால் செம்பு கரையாததால் சிப்பியும் பாசியும் ஒட்டிக் கப்பல்கள் மந்தமாயின. திட்டம் கைவிடப்பட்டது. கருத்து அழியவில்லை. குறிகாட்டுவானில் கட்டி நிற்கும் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களைக் காப்பதும் அப்படித் தேய்ந்துபோகும் சிறு உலோகத் துண்டுகள்தான்.

அவருடைய தம்பி ஜோன் டேவி 1816 முதல் இலங்கையில் இராணுவ வைத்தியராக இருந்து, இந்த நாட்டைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். ஹம்பிரி டேவி 1829 மே 29 அன்று ஜெனீவாவில், 50 வயதில் காலமானார்.

கதோட்டில் நடக்கும் போட்டி அனோட்டிலும் உண்டு. உப்பு மிக ஐதான கரைசலில் ஒட்சிசனே முந்தும். உப்புச் செறிந்தால் குளோரைட்டு அயன் வென்று குளோரின் வெளிவரும். கரைசலில் எரிசோடா எஞ்சும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து இவற்றைத்தான் எடுத்தது. எங்கள் உப்பு, எங்கள் இளைஞர்களின் வேலை. போர் அதை நிறுத்தியது.

ஆனையிறவில் இப்போது மீண்டும் உப்பு விளைகிறது. உப்பை மூட்டையில் கட்டி விற்பதோடு நிற்காமல், அதிலிருந்து குளோரினும் எரிசோடாவும் மீண்டும் இந்த மண்ணிலேயே எடுக்கப்படும் நாளே பரந்தன் உண்மையில் மீண்ட நாளாக இருக்கும்.