பாட்டாளிகளைத் தோட்ட உரிமையாளர்களாக்கிய துன் சம்பந்தன்



கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்குச் செல்வோர் துன் சம்பந்தன் சாலையைக் காணாமல் திரும்ப இயலாது. அப்பெயருக்குரிய பெருமகனை அமைச்சர் என்றும் ம.இ.கா. தலைவர் என்றும் பலர் அறிவர். ஆனால், ஏழைப் பாட்டாளிகளின் சிறு சேமிப்பைக் கொண்டே ஒரு பெரும் நிதி அமைப்பை எழுப்பியவர் அவர் என்பதையும், அவ்வமைப்பு முதன்முதலாக வாங்கியது நம் கெடா மாநிலத்துத் தோட்டமே என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அவருடைய தந்தையார் வீராசாமி, சென்ற நூற்றாண்டு பிறக்கும் முன்பே தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். அயராத உழைப்பால் உயர்ந்து, ரப்பர் பயிரிட்டுத் தோட்ட உரிமையாளரானவர். ஆகவே, மண்ணின் மதிப்பையும் அதில் பாடுபடுவோரின் வியர்வையையும் சம்பந்தன் இளமையிலேயே கண்டறிந்தார்.

கோலா கங்சாரில் உள்ள கிளிஃபர்டு பள்ளியில் கல்வி கற்றார். பின்னர்த் தமிழகம் சென்று, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். தாயகம் திரும்பியதும் பொதுப்பணியில் ஈடுபட்டார். 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி உருவாக அவரே காரணமாக இருந்தார். 1955இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். அதே ஆண்டில் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில் வெற்றி பெற்று, நம் கெடா மாநிலத்தின் தவப்புதல்வராகிய துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் இடம்பெற்றார். தொழில், சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல் எனப் பல துறைகளை அடுத்தடுத்து ஏற்று நடத்தினார்.

அவர் பதவியேற்ற காலத்தில் தோட்ட மக்களைப் பெருந்துன்பம் ஒன்று சூழ்ந்திருந்தது. அதுவே தோட்டத் துண்டாடல். நாடு விடுதலையை நோக்கி நடைபோட்ட அந்நாள்களில், வெள்ளைக்காரத் துரைமார்கள் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கிய வணிகர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்று இலாபம் கண்டனர். சிறு துண்டு நிலத்தை வாங்கியவருக்குப் பால்மரம் வெட்ட அதிக ஆள்கள் தேவைப்படவில்லை.

வேலை போயிற்று என்றால் வேறு வேலை தேடலாம் என்று நாம் எண்ணலாம். ஆனால் தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வேலை இழந்தவன் லயத்து வீட்டையும் இழந்தான். தோட்டத்து மருந்தகம், பிள்ளைக்கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி ஆகிய அனைத்தும் ஆதரவற்று நின்றன. தலைமுறை தலைமுறையாகக் காட்டைத் திருத்திக் கன்று நட்ட குடும்பங்கள், தட்டுமுட்டுச் சாமான்களோடு வீதிக்கு வரும் நிலை உண்டாயிற்று. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார்.

இதற்கு மருந்து என்ன? தோட்டங்கள் விலைக்கு வருகின்றன என்றால், அவற்றைத் தொழிலாளர்களே வாங்கினால் என்ன என்று சிந்தித்தார் சம்பந்தன். கேட்டவர்கள் வியந்தனர். நாளொன்றுக்குச் சில வெள்ளியே கூலி பெறும் பால்வெட்டுத் தொழிலாளி தோட்டம் வாங்குவதாவது! ஆனால், தனியொருவரால் ஆகாத காரியம் பல்லாயிரம் பேர் கூடினால் ஆகும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த உறுதியில் பிறந்ததே 1960இல் அமைந்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம்.

மாணவர்களே, அச்சங்கம் இயங்கிய முறையைக் கேளுங்கள். ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. அதைத் தவணை முறையில் பத்துப் பத்து வெள்ளியாகவும் செலுத்தலாம். இவ்வாறு திரண்ட பணத்தைக் கொண்டு சங்கம் ஒரு தோட்டத்தைத் துண்டாடாமல் முழுமையாக வாங்கும். தொழிலாளர்கள் தம் வேலையிலும் வீட்டிலும் நிலைத்திருப்பர். தோட்டத்தில் கிடைக்கும் இலாபத்தில் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை வழங்கப்படும். கூட்டுறவில் இன்னொரு சிறப்பும் உண்டு. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு வாக்கு ஒன்றே. பணம் மிகுந்தவர் குரல் ஓங்கிப் பணம் குறைந்தவர் குரல் ஒடுங்குவதற்கு அங்கு இடமில்லை.

திட்டம் எளிது, மக்களின் நம்பிக்கையைப் பெறுவதே அரிது. வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசை, கண்ணால் காணாத ஒரு சங்கத்திடம் எவ்வாறு ஒப்படைப்பது என்று தொழிலாளர்கள் தயங்கியது இயல்பே. சம்பந்தன் அமைச்சர் என்ற நிலையில் தலைநகரில் அமர்ந்து கட்டளையிடவில்லை. தோட்டந்தோட்டமாகச் சென்று மக்களைச் சந்தித்து, அவர்களுக்கு விளங்கும் சொற்களில் எடுத்துரைத்தார். பத்து வெள்ளிகள் சிறுகச் சிறுகச் சேர்ந்தன. 1960களின் தொடக்கத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. பெரட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் தோட்டத்தின் பங்குதாரர்களாகவும் ஆயினர். அதனைத் தொடர்ந்து வேறு பல தோட்டங்களும் சங்கத்தின் கைக்கு வந்தன.

எல்லாத் தோட்டங்களையும் அச்சங்கத்தால் காக்க முடிந்தது என்று கூற இயலாது. துண்டாடப்பட்டவை ஏராளம், சிதறிய குடும்பங்களும் ஏராளம். எனினும், பிறர் இரக்கத்தை எதிர்பாராமல் தம் சேமிப்பாலேயே தம்மைக் காத்துக்கொள்ள முடியும் என்பதைத் தோட்ட மக்களுக்கு அது காட்டியது.

1973இல் சம்பந்தன் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். அதே ஆண்டில், பிரதமர் துன் ரசாக் வெளிநாடு சென்றிருந்தபோது, ஒரு நாள் பிரதமர் பொறுப்பையும் ஏற்றிருந்தார். 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், அறுபது வயது நிறையும் முன்பே அவர் மறைந்தார். அவர் தோற்றுவித்த சங்கம் இன்றும் இயங்கி வருகிறது.

ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. நம் மக்களில் பலர் தோட்டத்தை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ஆயினும் சேமிப்பின் தேவை குறைந்துவிடவில்லை. பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு இல்லையெனில், இவ்வாண்டே தொடங்குங்கள். மாணவர்களே, கையில் கிடைக்கும் காசில் ஒரு பகுதியை எடுத்து வைக்கப் பழகுங்கள். உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், நிலநிதிச் சங்கத்தில் பங்கு வாங்கிய கதை அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். பத்து வெள்ளி கட்டிய பழைய இரசீது ஒன்று இன்னும் அவர்கள் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கலாம்.