ஜெரமி டெய்லர்

ஜெரமி டெய்லர் (1613 - ஆகஸ்டு 13, 1667) இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த குருவும் சமய நூலாசிரியரும் ஆவார். பின்னாளில் அயர்லாந்தில் ஆயராக விளங்கினார். ஆலய வழிபாடு முடக்கப்பட்ட காலத்தில், மக்கள் வீட்டிலேயே படித்துச் செபிப்பதற்கென எழுதிய நூல்களால் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

கேம்பிரிட்ஜில் முடிதிருத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்த டெய்லர், அங்குள்ள கீஸ் கல்லூரியில் பயின்றார். கன்டர்பரிப் பேராயர் வில்லியம் லாட் இவரது சொல்வன்மையைக் கண்டு ஆதரித்தார். 1638ல் அப்பிங்காம் ஊரின் பங்குக்குரு ஆனார்.

1642ல் மூண்ட உள்நாட்டுப் போரில் அரசர் முதலாம் சார்லசின் பக்கம் நின்றார். 1645ல் லாட் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் நாடாளுமன்றம் பொது ஜெபப் புத்தகத்தைத் தடை செய்தது. வீட்டுக்குள் அதைப் பயன்படுத்துவோருக்கும் முதன்முறை 5 பவுண்டு, மறுமுறை 10 பவுண்டு தண்டமும், மூன்றாம் முறை ஓராண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. அவ்வாண்டு சிறைப்பட்டு மீண்ட டெய்லர், வேல்சில் கார்பரிப் பிரபுவின் கோல்டன் குரோவ் மாளிகையில் அடைக்கலம் புகுந்தார்.

செப நூல்கள்

அங்கிருந்தபோது எழுதியவையே "புனித வாழ்வு" (1650), "புனித மரணம்" (1651) எனப் பொருள்படும் தலைப்புடைய நூல்கள். நேரத்தை வீணாக்காமை, தூய நோக்கம், இறைவன் எப்போதும் உடனிருப்பதை உணர்தல் ஆகிய மூன்றும் முதல் நூலின் அடிப்படை. தூய நோக்கத்துடன் செய்தால் உண்பதும் உழைப்பதும்கூட வழிபாடே என்பது இவர் கருத்து. அறிவுரைகளை அடுத்து, அவற்றுக்குரிய செபங்களையும் தாமே இயற்றிச் சேர்த்தார். குரு அருகில் இல்லாதவர்க்கு இவ்வமைப்பு பெரிதும் உதவியது எனலாம்.

இரண்டாம் நூல் கார்பரிப் பிரபுவின் மனைவிக்கென எழுதப்பட்டது. ஆனால் அது வெளிவருமுன்பே, 1650ல், அவர் காலமானார்; இறுதிச்சடங்கில் டெய்லரே மறையுரை ஆற்றினார். அக்காலப்பகுதியில் டெய்லரின் மனைவியும் இறந்தார். சாவைப் பற்றிய இந்நூல் வெறும் கல்வியறிவினால் எழுதப்பட்டதன்று.

அயர்லாந்தில்

சமயக் கருத்து வேறுபாட்டுக்காக எவரையும் தண்டித்தலாகாது என 1647லேயே டெய்லர் ஒரு நூல் எழுதியிருந்தார். 1660ல் முடியாட்சி மீண்டபின் டவுன், கானர் மறைமாவட்டத்தின் ஆயராக நியமிக்கப்பட்டார். அங்கே ஆயரிடம் குருப்பட்டம் பெற மறுத்த 36 பிரெசுபிட்டேரியன் போதகர்களைப் பதவியிழக்கச் செய்தார். அவர்கள் தமது அதிகாரத்தையே ஏற்க மறுத்தனர் என்பது உண்மையே. எனினும் அவரது முந்தைய நூலுடன் இச்செயல் பொருந்தவில்லை.

தாக்கம்

1725ல் "புனித வாழ்வு" நூலைப் படித்த ஜான் வெசுலி, தம் வாழ்வு முழுவதையும் இறைவனுக்கு அளிக்க உறுதி பூண்டார். பிற்காலத்தில் மெதடிச இயக்கத்தைத் தோற்றுவித்தவர் இவரே.

லிசுபர்னில் காலமான டெய்லரின் உடல் துரோமோர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இங்கிலாந்துத் திருச்சபை ஆகஸ்டு 13ஆம் நாளில் இவரை நினைவுகூர்கிறது.