ஓரம் தெரியாத ஓவியம்

என் தந்தையார் தரைக்கு டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி. விடுமுறை நாட்களில் நானும் உடன் சென்று சிமெண்ட் குழைத்துக் கொடுப்பேன். பூ வேலைப்பாடுள்ள டைல்ஸில் ஓரத்தில் அறுந்து நிற்கும் கொடி, அடுத்ததில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பெயர்த்தெடுத்து மீண்டும் ஒட்டுவார். சென்ற ஆண்டு கணிதத் தாளில் தவறிய நான், அதை வீட்டில் சொல்ல அஞ்சி நூலகத்தில் பொழுதைக் கழித்தேன். அப்போது படித்து அறிந்ததே எஷர் என்னும் ஓவியரின் வரலாறு.

மோரிட்ஸ் கார்னெலிஸ் எஷர் 1898ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் நெதர்லாந்து நாட்டில் பிறந்தார். தந்தை கட்டுமானப் பொறியாளர். மைந்தரோ படிப்பில் பின்தங்கியவர். பள்ளி இறுதித் தேர்விலும் தவறினார். கட்டடக்கலை பயில ஹார்லெம் நகருக்குச் சென்றவரின் கைத்திறனைக் கண்டு, அச்சோவியத்திற்கு மாற்றியவர் மெஸ்கிட்டா என்னும் ஆசிரியர். யூதரான அவரை 1944இல் நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றனர். சூறையாடப்பட்ட வீட்டில் எஞ்சிய குருநாதரின் படைப்புகளைக் காப்பாற்றியவர்களுள் எஷரும் ஒருவர்.

ஸ்பெயினில் கிரனாடா நகரின் அல்ஹம்பிரா அரண்மனையை அவர் 1922இல் கண்டார். 1936இல் மனைவியுடன் மீண்டும் சென்று, அதன் சுவர்களில் மூர் இனக் கலைஞர்கள் பதித்த ஓட்டு வேலைப்பாடுகளை நாட்கணக்கில் படியெடுத்தார். ஒரே வடிவம் இடைவெளியின்றிச் சுவர் முழுவதும் தொடர்வது எவ்வாறு? நிலவியல் பேராசிரியரான அவருடைய அண்ணன், படிகவியல் இதழ்களைப் பார்க்குமாறு வழிகாட்டினார். அவற்றில் 1924இல் போல்யா என்னும் கணித அறிஞர் எழுதிய கட்டுரை கிடைத்தது. நகர்த்தல், சுழற்றல், பிரதிபலித்தல் ஆகிய சமச்சீர்களைக் கொண்டு பார்த்தால், இரு திசைகளில் முடிவின்றித் தொடரும் கோலங்கள் 17 வகையே என்பது அதன் சாரம். கணிதக் குறியீடுகள் எஷருக்கு விளங்கவில்லை. ஆயினும் படங்களை ஒவ்வொன்றாகத் தம் குறிப்பேட்டில் வரைந்து வரைந்தே விதிகளைப் பிடித்தார்!

அவர் கண்ட வழிகளுள் எளியது இது. ஒரு சதுரத்தின் இடப்பக்கத்தில் வெட்டிய துண்டை அப்படியே வலப்பக்கத்தில் ஒட்டுக. மேற்பக்கத்தில் வெட்டியதைக் கீழ்ப்பக்கத்தில் ஒட்டுக. பரப்பளவு மாறாது, ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும். இவ்வாறே பறவையும் மீனும் பல்லியும் இடைவெளியின்றி நெருங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட கோலங்களை வரைந்தார். இன்று கணினித் திரையின் பின்புலத்தை நிரப்பும் வடிவங்களுக்கும் இதுவே அடிப்படை. சிறு கட்டம் ஒன்றை வரைந்து, எதிரெதிர் ஓரங்களைப் பொருத்திவிட்டால் போதும். எவ்வளவு பெரிய திரையிலும் ஒட்டுத் தெரியாது.

1954இல் ஆம்ஸ்டர்டாமில் உலகக் கணித மாநாடு கூடியபோது, அந்நகர அருங்காட்சியகத்தில் எஷரின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. தேர்வில் தவறியவரின் படங்களைக் கணித மேதைகள் நின்று பார்த்தனர். 1972 மார்ச் 27இல் அவர் மறைந்தார்.

நண்பர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எஷர் தவறியபோது தாங்கிப் பிடிக்கத் தந்தையின் பொருள் இருந்தது. நம்மில் பலருக்கு அது இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தேர்வுக் கட்டணம் என் தந்தையாரின் இரண்டு நாள் கூலி. அதனாலேயே சொல்லத் தயங்கினேன்.

ஒருநாள் இரவு, எஷரின் பல்லி ஓவியத்தை அவரிடம் காட்டினேன். கட்டத்தின் ஓரம் எங்கே என்று விரலால் தேடினார், அகப்படவில்லை. வரைந்தவர் பெரிய கொத்தனாராக இருக்க வேண்டும் என்றார். அந்த மகிழ்ச்சியில் இருந்தவரிடம் என் தோல்வியையும் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, பொருந்தாததைப் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டத்தானே வேண்டும் என்றார்.

அத்தாளை மீண்டும் எழுத விண்ணப்பித்துவிட்டேன். இம்முறை ஒவ்வொரு கணக்கையும் வரைந்து பார்த்தே படிக்கிறேன்.