பிடியரிசியில் வளர்ந்த வித்தியாசாலை

நல்லூரிலே 1822 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் கந்தப்பிள்ளை, சிவகாமி அம்மை தம்பதியரின் புதல்வராக அவதரித்தவர் ஆறுமுக நாவலர் பெருமான். யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கினார். பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவரும் அவரே.

சைவப் பிள்ளைகள் தம் சமயத்தோடு கல்வி கற்க ஓரிடம் வேண்டுமென எண்ணிய அவர், 1848 இல் அப்பதவியைத் துறந்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கவில்லை. அப்படியானால் செலவுக்கு வழி? வீடுகளில் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை வித்தியாசாலைக்கென எடுத்துவைக்கும்படி வேண்டினார். அன்பர்களின் நன்கொடையும் சேர்ந்தது. தம் மாணாக்கரையே ஆசிரியராக்கினார். பாலபாடங்களைத் தாமே எழுதித் தமது அச்சியந்திரசாலையில் பதிப்பித்தார்.

அரசினர் உதவி நன்கொடை 1870 இலேதான் கிடைத்தது. 1872 இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பொருள்முட்டினால் மூடப்பட்டது. வண்ணார்பண்ணை வித்தியாசாலையோ, 1879 இல் அவர் சிவபதமடைந்த பின்னரும் நிலைத்தது. அதைத் தாங்கியவற்றுள் அடுக்களைப் பானையிலிருந்து எடுத்த அந்தப் பிடியரிசியும் ஒன்று.