தெருவில் நடக்க ஒரு தீர்மானம்: இரட்டைமலை சீனிவாசன்

பொதுத் தெருவில் நடப்பதற்குக்கூட சட்டமன்றத்தில் தீர்மானம் போட வேண்டியிருந்ததா என்று இன்றைய கல்லூரி மாணவர்கள் கேட்கலாம். வேண்டியிருந்தது. 1924 ஆகஸ்ட் 22 அன்று சென்னை மாகாண சட்டமன்றத்தில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் நம் பகுதிக்காரர் அல்ல. செங்கல்பட்டுச் சீமையில், மதுராந்தகத்தை ஒட்டிய கோழியாளம் கிராமத்தில் 1859இல் பிறந்தவர். ஆனாலும் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இருந்து இந்தப் பத்தியைப் படிக்கும் நமக்கு அவர் கதை தூரத்துக் கதை இல்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

கோயம்புத்தூரில் படித்தார். பள்ளியில் பெரும்பாலோர் பிராமண மாணவர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் யாரோடும் விளையாடாமல், வகுப்பு தொடங்கும்வரை வெளியே ஒதுங்கி நின்று, மணி அடித்ததும் உள்ளே போய், விட்டதும் வேகமாக வீட்டுக்கு நடந்த பையன் அவர். பின்னாளில் தன் வாழ்க்கையை எழுதியபோது இதை மறைக்கவில்லை. முதல் தலைமுறையாகப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் சிலருக்கு இந்த ஒதுங்கி நிற்றல் இன்றும் புரியும் என்றே நினைக்கிறோம்.

படிப்பு முடிந்து நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்தார். அயோத்திதாசப் பண்டிதர் இவருடைய சகோதரியை மணந்தவர். உறவு நெருக்கமானது, கருத்து எல்லாவற்றிலும் ஒன்றல்ல. பண்டிதர் பௌத்தத்தின் பக்கம் போனார். சீனிவாசன் வேறு வழி பிடித்தார். சென்னைக்கு வந்து 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் பறையன். நண்பர்களே முகம் சுளித்த பெயர். இழிவாகச் சொல்லப்படும் பெயருக்குள் ஒளிந்துகொண்டு உரிமை கேட்க முடியாது, நான் இன்னார் என்று நிமிர்ந்து சொன்னால்தான் கேட்கலாம் என்பது அவர் எண்ணம். மாத இதழாக வந்தது சில மாதங்களிலேயே வார இதழானது. 1900 வரை, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நடந்தது. பணமும் படித்த வாசகரும் குறைந்த ஒரு சமூகத்துக்குள் இருந்து ஏழு ஆண்டுகள் வாரப் பத்திரிகை நடத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அச்சுத் தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அதே 1893இல் இன்னொரு வேலையும் செய்தார். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் நடத்துவதுபோல இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சீனிவாசன் எதிர்த்தார். இங்கே தேர்வு வைத்தால் ஏற்கெனவே படித்திருக்கும் மேல்சாதியார் மட்டுமே அதிகாரிகளாக வருவார்கள், கிராமத்தில் நம்மை ஒடுக்குகிறவரின் கையில் கலெக்டர் முத்திரையும் போய்ச் சேரும் என்று வாதிட்டார். 3,412 பேரின் கையெழுத்தோடு, 112 அடி நீளமுள்ள மனு ஒன்று லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போனது. இதற்காக அவரை வெள்ளைக்காரன் பக்கம் நின்றவர் என்று சொல்வோர் உண்டு. அதிகாரம் யார் கைக்கு மாறுகிறது என்று கேட்டவரை அப்படித் தள்ளிவிடுவது சரியல்ல என்பது நம் கருத்து. இட ஒதுக்கீடு என்ற ஏற்பாடு இல்லாத காலம் அது.

அதன்பிறகு இங்கிலாந்து போகப் புறப்பட்டவர், ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை. காந்தியுடன் பழக்கம் அங்கேதான். சுமார் 20 ஆண்டுகள் கழித்து, அறுபது வயதைத் தாண்டி ஊர் திரும்பினார். 1923இல் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்ல, நியமன உறுப்பினர். சொத்தும் வரியும் இருந்தவர்களுக்கே ஓட்டு இருந்த காலத்தில், தாழ்த்தப்பட்டோர் சபைக்குள் போக அந்த ஒரு வாசல்தான் இருந்தது.

இப்போது அந்தத் தீர்மானத்துக்கு வருவோம். எந்த ஊரிலும், எந்தக் கிராமத்திலும், எந்தப் பொதுச் சாலை, தெரு, பாதையிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றுக்குச் சாதி இந்துக்கள் எந்த அளவுக்குப் போகலாமோ அதே அளவுக்குத் தாழ்த்தப்பட்டோரும் போகலாம். இதுதான் சாரம். சபை ஏற்றது. 1924 செப்டம்பர் 25 தேதியிட்ட 2660 எண் அரசாணையாக வெளிவந்தது. நம் ஊர் வழக்கில் குளம் என்றால் ஊருணி. செட்டிநாட்டில் ஊருணி என்றால் குடிதண்ணீர். ஆகவே இந்த ஆணை காகிதத்தில் இருப்பதா, ஊருணிக் கரையில் இருப்பதா என்பது இங்கே உயிர்ப் பிரச்சினை.

காகிதத்தில்தான் இருந்தது. ஆணை வந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பரில், நம் பகுதி அடங்கியிருந்த அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. விதித்தவர்கள் நிலவுடைமை பெற்ற நாட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு இருக்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் பறிக்கப்பட்டன.

அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாயின. இந்தப் பட்டியலில் இருந்தவை இன்னும் கூர்மையானவை. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க மட்டுமே போக வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பயிரிடக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாரருக்கு அற்ப விலைக்கு விற்றுவிட வேண்டும், மறுத்தால் தண்ணீர் கிடைக்காது. கல்யாணத்தில் மேளம் கூடாது. உடையைப் பற்றிய தடைகளையே நாம் அதிகம் பேசுகிறோம். ஆனால் நிலம், கூலி, பள்ளிக்கூடம் ஆகிய மூன்றையும் அடைத்த இந்த இரண்டாவது பட்டியல்தான் நோக்கம் என்ன என்பதைக் காட்டுகிறது. பண்ணைக்கு ஆள் குறையக் கூடாது, அவ்வளவுதான். 1934 ஜனவரியில் காந்தி இந்தப் பக்கம் வந்தபோதும் தேவகோட்டை நாட்டார்களுடன் இதைப் பற்றிப் பேச வேண்டிய நிலைதான் இருந்தது.

இங்கே எட்டுத் தடை போடப்பட்ட அதே குளிர்காலத்தில் சீனிவாசன் லண்டனில் இருந்தார். 1930 நவம்பரில் தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதிகளாகப் போனவர்கள் இருவர், அம்பேத்கரும் சீனிவாசனும். ஒருவருக்கு வயது 39, மற்றவருக்கு 71. இருவரும் சேர்ந்து கொடுத்த மனுவிலும் நிபந்தனைகள் எட்டு! சமக் குடியுரிமை, அந்த உரிமையைத் தடையின்றி அனுபவித்தல், பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு, சட்டமன்றங்களில் போதுமான இடம், அரசு வேலையில் பங்கு, அநீதிக்கு முறையிட வழி, தனித் துறை, மந்திரிசபையில் இடம். இதில் நம் மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கச் சொன்ன பகுதி. நிலம் கொடுக்க மறுப்பது, வேலை கொடுக்க மறுப்பது, கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது எல்லாம் தண்டனைக்குரியவை என்று எழுதச் சொன்னார்கள். ஒரு தாழ்த்தப்பட்டவர் ஊருணியில் தண்ணீர் மொண்டால் மறுநாள் அவருக்குக் கூலிவேலை நின்றுபோகும் என்பது தெரிந்தவர்கள் எழுதிய வரிகள் அவை. 1924 தீர்மானத்தில் இல்லாமல் போனது இதுதான். போகலாம் என்று சொன்ன ஆணை, போனவனை அடித்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

அந்தப் பயணத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்ததையும் சீனிவாசன் எழுதி வைத்திருக்கிறார். தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் கேட்டிருக்கிறார். தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தாலும் மேல்சாதிக்காரன் தூக்கிவிட மாட்டான் என்று இவர் விளக்க, மன்னர் அதிர்ந்துபோனாராம்.

1932இல் தனித்தொகுதி கிடைத்தது, காந்தியின் உண்ணாவிரதத்தால் கைவிடவும் நேர்ந்தது. செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் சீனிவாசன் கையெழுத்தும் இருக்கிறது. அதன்படி மாகாண சட்டமன்றங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு 148 இடங்கள். அதில் சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கை கூடியது. ஆனால் யார் ஓட்டில் வெல்வது என்ற கேள்வி தங்கிவிட்டது. ரிசர்வ் தொகுதியில் நிற்பவர் ஊரார் எல்லோருக்கும் நல்லவராக இருந்தாக வேண்டிய சங்கடத்தை இன்றும் தேர்தல் நேரத்தில் பார்க்கிறோம்.

அம்பேத்கர் மதம் மாறப்போவதாக அறிவித்தபோது சீனிவாசன் உடன்படவில்லை. நாம் இந்துக்களே அல்ல, அப்படியிருக்க எதிலிருந்து வெளியேறுவது என்பது அவர் நிலை. கருத்து வேறுபட்டாலும் மரியாதை குறையவில்லை. திவான் பகதூர் பட்டம் 1936இல் வந்தது. தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி 1939இல் வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18 அன்று, 86ஆம் வயதில் காலமானார்.

ஐந்தாண்டுகளுக்குள் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 15ஆவது பிரிவில் கிணறு, குளம், குளிக்கும் படித்துறை, சாலை, பொது இடம் என்று ஒரு வரிசை வருகிறது. அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் அதை 1924 தீர்மானத்தோடு பக்கத்தில் வைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.